கேமரா போகாத ஊருக்கும் பணம் போக வேண்டும்



இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் பொருளியல், வணிகவியல், சமூகப்பணி படித்தவர்கள். இந்த மூன்று படிப்பும் ஒரே மேசையில் பயன்படும் வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். போரிலும் பஞ்சத்திலும் வெள்ளத்திலும் சிக்கிய மக்களுக்கான பணத்தை யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்யும் அலுவலகங்கள் உலகில் சில உண்டு. அப்படி ஒன்று பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. அது 1992-இல் தொடங்கிய, ஐரோப்பிய ஆணையத்தின் மனிதாபிமான உதவிப் பிரிவு; எக்கோ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இளம் வயதில் நான் உள்ளகப் பயிற்சி பெற்ற இடம் அது.

எக்கோவின் பணத்தில் பெரும்பகுதி ஐ.நா. அமைப்புகள், செஞ்சிலுவை இயக்கம், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றின் வழியாகவே மக்களைச் சேர்கிறது. ஆகவே அங்கே வேலை என்பது பெரும்பாலும் படிப்பதுதான். நிதி கேட்டு அந்த அமைப்புகளிடமிருந்து புரொபோசல் வரும், பட்ஜெட் வரும், களத்திலிருந்து அறிக்கை வரும். பயிற்சிக்கு வந்தவர் அவற்றைச் சுருக்கி எழுதுவார், கூட்டக் குறிப்பு எடுப்பார், எண்களைச் சரிபார்ப்பார். முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. கேள்வி கேட்கும் உரிமை உண்டு. அந்த உரிமை எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன்.

10,000 பேர் தங்கியிருக்கும் அகதி முகாமுக்கு ஒரு புரொபோசல் வருகிறது என்று வையுங்கள். பட்ஜெட்டில் 20 குழாய் என்று போட்டிருக்கிறது. நிவாரண வேலைக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்பியர் கையேடு என்று ஒன்று உண்டு. தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை இயக்கமும் 1997-இல் தொடங்கிய முயற்சியின் விளைவு அது. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர். 250 பேருக்கு ஒரு குழாய். தொடக்க நாட்களில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை, நிலைமை சற்றுத் தணிந்ததும் 20 பேருக்கு ஒன்று. இப்போது கணக்குப் போடுங்கள். 40 குழாய் வேண்டிய இடத்தில் பாதிதான் இருக்கிறது. தண்ணீர் நாளொன்றுக்கு ஒன்றரை லட்சம் லிட்டர். 10,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் தினமும் 15 நடை. மழைக்காலத்தில் அந்தப் பாதையில் லாரி போகுமா? டீசலுக்குப் பட்ஜெட்டில் இடம் இருக்கிறதா? கழிப்பறை 500 என்று எழுதியிருக்கிறார்கள், நல்லது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? வழியில் விளக்கு உண்டா? இவை இல்லாவிட்டால் பெண்கள் இருட்டியபின் அங்கே போகமாட்டார்கள். மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். நோய் வரும். அறிக்கையில் மட்டும் 500 கழிப்பறை கட்டி முடித்ததாக இருக்கும்.

இந்தக் கேள்விகளைக் கேட்கப் பள்ளிக்கூடக் கணக்கும், குழாயடியில் குடத்தோடு நின்ற அனுபவமும் போதும். அந்த இரண்டாவது தகுதி பிரஸ்ஸல்ஸில் அரிது. உங்களில் பலருக்கு உண்டு. அதை ஒரு குறையாக நினைத்து மறைக்காதீர்கள்.

அடுத்தது காலம். 2004-ஆம் ஆண்டு நைஜர் நாட்டில் மழை பொய்த்தது, வெட்டுக்கிளியும் பயிரை மேய்ந்தது. அந்த நவம்பரிலேயே எச்சரிக்கை போனது. பணம் வரவில்லை. 2005 ஜூலையில் எலும்பும் தோலுமான குழந்தைகளைத் தொலைக்காட்சி காட்டிய பிறகுதான் வந்தது. அப்போது ஐ.நா.வின் அவசர நிவாரண ஒருங்கிணைப்பாளராக இருந்த யான் எகலாண்ட் ஒரு கணக்குச் சொன்னார். முன்கூட்டியே கொடுத்திருந்தால் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு டாலரில் ஊட்டச்சத்துக் குறைவைத் தடுத்திருக்கலாம். தாமதித்ததால் ஓர் உயிரைக் காக்க 80 டாலர் ஆகிறது என்றார். களத்தில் குழந்தையின் மேல்கையைச் சுற்றி ஒரு வண்ண நாடாவால் அளப்பார்கள். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. அதற்கு மருந்து, வேர்க்கடலையும் பால்பவுடரும் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த பசை. 92 கிராம் பொட்டலம், 500 கலோரி. அடுப்பும் தண்ணீரும் இல்லாமல் தாயே பிரித்து ஊட்டலாம். இவ்வளவு எளிய மருந்து அறுவடைக்கு முந்தைய பசி மாதங்களில் கிராமத்தில் இருக்க வேண்டுமென்றால், பணத்துக்கான கையெழுத்து அதற்குப் பல மாதம் முன்பே விழ வேண்டும். கோப்பு ஒரு வாரம் தேங்கினால் அந்த வாரத்தின் விலையை யாரோ ஒரு குழந்தை கொடுக்கிறது.

நைஜர் கற்பித்த பாடம் வீண்போகவில்லை. ஐ.நா.வின் மத்திய அவசர நிதி 2006 மார்ச்சில் புது உருவில் இயங்கத் தொடங்கியது. 2020 ஜூலையில் வங்கதேசத்தின் ஜமுனா ஆற்றில் பெருவெள்ளம் வரும் என்று முன்னறிவிப்பு வந்தபோது, வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே அந்த நிதியிலிருந்து சுமார் 52 லட்சம் டாலர் விடுவிக்கப்பட்டது. எந்த அளவைத் தாண்டினால் எவ்வளவு பணம், யார் கையில் என்று அமைதியான நாட்களிலேயே எழுதி வைத்திருந்ததால் அது முடிந்தது. அந்த எழுத்து வேலையைச் செய்தவர்களை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இனி நம் கடற்கரைக்கு வருகிறேன், காரணத்தோடுதான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உலகம் அள்ளிக் கொடுத்தது. பல நாட்டு அமைப்புகள் சேர்ந்து நடத்திய சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பு 2006-இல் ஓர் ஒப்பீட்டைச் சொன்னது. சுனாமியால் பாதிக்கப்பட்ட மக்களுக்குச் சராசரியாகத் தலைக்கு 7,100 டாலர். அதே 2004-இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 3 டாலர். நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் வந்தது குறைந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏறத்தாழ எட்டாயிரம் உயிர்களைப் பறிகொடுத்த மாநிலம் இது. ஆனால் வங்கதேசத்தில் வீடிழந்தவளின் பசியும் பசிதானே? சுனாமி கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்தது, ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகளும் அதில் இறந்தார்கள், அலையின் காட்சி வீடு வீடாகப் போனது. பணம் காட்சியின் பின்னால் ஓடியது.

பணம் வந்தாலும் கேட்டுச் செய்யாத உதவி என்னாகும் என்பதையும் நம் கடற்கரை பார்த்தது. நாகப்பட்டினத்துத் தெருக்களில் பழந்துணி மலைபோலக் குவிந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. தார் ஷீட்டால் போட்ட தற்காலிகக் குடியிருப்புகள் வெயிலில் கொதித்தன. மாறாக, மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து தொண்டு நிறுவனங்கள் 2005 தொடக்கத்தில் அங்கே நடத்திய ஒருங்கிணைப்பு மையம் உருப்படியான வேலை செய்தது. எந்தக் குப்பத்துக்கு எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று உட்கார்ந்து பதிவு செய்தவர்கள் உள்ளூரை அறிந்தவர்கள்.

பணம் காட்சியின் பின்னால் ஓடும் சாய்வைத் திருத்த எக்கோ செய்யும் ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். மறக்கப்பட்ட நெருக்கடிகள் எவை என்று ஆண்டுதோறும் அது ஒரு பட்டியல் எடுக்கிறது. துயரம் எவ்வளவு, செய்தியில் வந்தது எவ்வளவு, கிடைத்த பணம் எவ்வளவு என்று அளந்து, ஊடகம் மறந்த இடங்களுக்குத் தன் நிதியில் ஒரு பங்கை ஒதுக்குகிறது. அல்ஜீரியாவின் திந்தூஃப் பாலைவனத்தில் சஹ்ராவி அகதிகள் 1975 முதல் முகாமில் வாழ்கிறார்கள். முகாமில் பிறந்த குழந்தை இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கிறது. அவர்களைப் பற்றி நம் செய்தித்தாளில் எப்போது படித்தீர்கள்? அந்தப் பட்டியலில் பல ஆண்டுகளாக அவர்கள் பெயர் இருக்கிறது. தேவை ஒன்றே உதவியின் அளவுகோல் என்று ஐ.நா. பொதுச்சபை 1991-இல் நிறைவேற்றிய 46/182-ஆம் தீர்மானத்திலிருந்து எத்தனையோ ஆவணங்கள் சொல்லிவிட்டன. அதைப் பட்ஜெட்டாக மாற்றும் இடம் இப்படிப்பட்ட பட்டியல்தான்.

இன்னும் நிறைவேறாத ஒரு வாக்கையும் சொல்ல வேண்டும். உதவி நிதியில் கால் பங்கை 2020-க்குள் பாதிக்கப்பட்ட நாடுகளின் உள்ளூர் அமைப்புகளுக்கே, கூடியவரை நேராகக் கொடுப்போம் என்று 2016-இல் இஸ்தான்புல் மாநாட்டில் கொடையாளர்கள் உறுதி தந்தார்கள். காலக்கெடு கடந்துவிட்டது, இலக்கு எட்டப்படவில்லை. ஆடிட் விதிகளைக் காரணமாகச் சொல்கிறார்கள். விதிகளை எழுதியவர்கள் அவற்றைத் திருத்தவும் முடியும் என்பது என் கருத்து.

இந்தத் துறையின் இன்றைய நிலை கடினமானது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் 2025 ஜூலை 1-உடன் தனி அமைப்பாக இயங்குவதை நிறுத்தியது. அதற்கு முந்தைய மாதம் ஐ.நா., தான் கேட்டிருந்த 4,400 கோடி டாலரில் 2,900 கோடியை மட்டும் முதன்மைத் தேவையாகப் பிரித்து, 11.4 கோடி மக்களுக்கு முதலில் உதவுவோம் என்று அறிவித்தது. மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். யார் காத்திருப்பது என்று ஒரு மேசையில் யாரோ தீர்மானிக்கிறார்கள். அந்த மேசையைச் சுற்றிப் பணக்கார நாடுகளின் பிள்ளைகள் மட்டுமே உட்கார்ந்திருப்பது நியாயமல்ல. ஐ.நா. தலைமைச் செயலகத்தின் உள்ளகப் பயிற்சிக்கு ஊதியம் இல்லை. நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ சொந்தச் செலவில் தங்க முடிந்தவர்களுக்கே அந்தக் கதவு திறக்கிறது. இது மாற வேண்டும், உரக்கக் கேட்கவும் வேண்டும்.

அதுவரை திறந்திருக்கும் கதவைப் பயன்படுத்துங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் பயிற்சி 5 மாதம்; மார்ச், அக்டோபர் என ஆண்டுக்கு இரண்டு தொகுதி; உதவித்தொகை உண்டு. மூன்றாண்டுப் பட்டம் போதும். ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் குறைந்த அளவில் இடம் உண்டு. அவர்களுக்கு ஆங்கிலம் நன்றாக வந்தால் போதும். போட்டி கடுமை. ஒருமுறை கிடைக்காவிட்டால் மறுமுறை விண்ணப்பியுங்கள். அதற்குள் நம் கடலோர மாவட்டத் தொண்டு நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, ஒரு புயல் நிவாரணத்தின் கணக்கை முதலிலிருந்து கடைசிவரை எழுதிப் பாருங்கள். எந்த அலுவலகத்தில் உட்கார்ந்தாலும், உங்கள் முன் வரும் முதல் புரொபோசலைப் பட்ஜெட்டிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். குழாய்களை எண்ணுங்கள்.