கோல் போஸ்ட்டுக்குப் பின்னால்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் பொழுதுபோக்கைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசுப்பா" என்றார் செயலாளர். அது என்னவென்று சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கால்பந்து மைதானங்களைத் தேடிப் போய்ப் படம் எடுப்பது. ஆட்டத்தை அல்ல, மைதானத்தை. ஆட்டமில்லாத நாள் என்றால் எனக்கு இன்னும் சௌகரியம். நான் பந்தை உதைத்தால் அது எங்கே போகும் என்பதை 2010 சிவில் செட்டைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

இது எனக்கு மட்டும் பிடித்த பைத்தியம் இல்லை. இங்கிலாந்தில் முதல் நான்கு டிவிஷன்களில் 92 கிளப்புகள். அத்தனை மைதானத்திலும் ஓர் ஆட்டமாவது பார்த்து முடித்தவர்களுக்கென்று ஒரு சங்கமே இருக்கிறது. கம்பெனி வேலையாக 2018-ல் நான் மான்செஸ்டர் போய் ஒன்றரை வருஷம் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவும் தயிர்சாத டப்பாவுமாகக் கிளம்பிவிடுவேன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது இந்த மேடைக்கு வேண்டாம்.

லிவர்பூலில் குடிசன் பார்க், 1892-ல் திறந்தது. வரிசை வீடுகள் உள்ள சின்னத் தெருவில் நடந்து போனால், தெருக்கோடியில் திடீரென்று ஸ்டாண்டின் சுவர். ஒரு மூலையில் சர்ச். மேல்தட்டின் முகப்பில் இரும்புச் சட்டங்கள், பெருக்கல் குறிகளை வரிசையாக எழுதியது போல. அந்தக் குறிதான் ஆர்ச்சிபால்ட் லீச் என்பவரின் கையெழுத்து மாதிரி. எவர்ட்டன் ஆண்கள் அணி 2025 மே மாதத்தோடு அங்கிருந்து துறைமுகப் பக்கத்துப் புது ஸ்டேடியத்துக்குப் போய்விட்டது. நல்ல வேளை, இடிக்கவில்லை, பெண்கள் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

லீச் கிளாஸ்கோக்காரர், நம்மைப் போல இஞ்சினியர். ஃபேக்டரி கட்டடங்கள் வரைந்து கொண்டிருந்தவரிடம் ரேஞ்சர்ஸ் கிளப் ஐப்ராக்ஸ் மைதானத்தை ஒப்படைத்தது. 1902 ஏப்ரல் 5, ஸ்காட்லாந்து–இங்கிலாந்து ஆட்டம். இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை போட்ட மேற்குப் படிக்கட்டு கேலரியில் ஜனம் நெருக்கியடித்து நின்றது. பலகைகள் முறிந்தன. சுமார் 40 அடி கீழே விழுந்து 25 பேர் இறந்தார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் காயம். கூட்டத்தில் லீச்சும் இருந்தார். அன்று அவருக்கு வயது முப்பத்தாறு. இன்று எனக்கும் அதே வயது.

மட்டமான பைன் மரம் போட்டார் என்று ஒப்பந்தக்காரர் மேல் வழக்கு நடந்தது. அவர் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பாயிற்று. லீச் தொழிலை விட்டு ஓடவில்லை. அதற்கப்புறம் கேலரியை அந்தரத்தில் தூக்கி நிறுத்தாமல் மண்மேட்டின் மேல் அமைத்தார், நெரிசலைத் தாங்கும் தடுப்புக் கம்பிக்கு பேட்டன்ட் வாங்கினார். ரேஞ்சர்ஸே மறுபடி கூப்பிட்டது! 1929-ல் அவர் கட்டிய செங்கல் முகப்பு ஸ்டாண்ட் இன்றும் நிற்கிறது.

அதைப் பார்க்கவே ரயிலேறிப் போனேன். ஸ்டாண்டின் மூலையில் ஒரு நினைவுச் சின்னம். 1902-லும், 1961, 1971-ல் மாடிப்படி நெரிசல்களிலும் இறந்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. செங்கல் சுவரும் அந்தப் பெயர்களும் ஒரே படத்தில் வர வேண்டுமென்று முக்கால் மணி நேரம் மழையில் நின்றேன். லென்ஸில் தண்ணீர் பட்டு, படம் சுமாராகத்தான் வந்தது. ஆனாலும் என் ஆபீஸ் மேஜையில் இருப்பது அதுதான்.

காரணம் சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு விழாவுக்குத் தற்காலிக கேலரி போட்டோம். டிராயிங்கில் நான் எழுதிய பலகை கனம் ஒன்று, சைட்டுக்கு வந்தது வேறு. கேட்டேன். "ஒரு நாள் கூத்துதானே சார், தாங்கும்" என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். விழா நல்லபடியாக முடிந்தது, பாராட்டும் கிடைத்தது. அன்று கேலரியைப் பிரித்து லாரியில் ஏற்றும்வரை அதன் அடியிலேயே நின்று கொண்டிருந்தேன். குழந்தைகள் குதித்தபோது பலகை வளைந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நேற்று சாயங்காலம் பழக்க தோஷத்தில் நம் மைதானத்தையும் படமெடுக்கப் போனேன். நாம் விசிலடித்த அதே கிழக்கு கேலரி. மேலே புது பெயின்ட். அடியில் குனிந்து பார்த்தால், மூன்றாவது தூண் பக்கத்துச் சட்டத்தில் துரு ஏடு ஏடாக உரிகிறது. முதல்வரிடம் படங்களைக் காட்டிவிட்டேன். பரிசோதித்து முடிக்கும்வரை கயிறு கட்டி மூடி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். விளையாட்டு விழாவுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

சாப்பாடு முடிந்ததும் நான் அங்கே போகிறேன். இறுதியாண்டு சிவில் தம்பி தங்கைகள் யாராவது வந்தால் சந்தோஷம். வரும்போது லேபிலிருந்து ஒரு வெர்னியரும் சுத்தியலும் கேட்டு வாங்கி வாருங்கள்.