மீந்தது வேண்டாம், பங்கு வேண்டும்

(ராயபுரத்தில் மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'உணவில் தன்னிறைவு' என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆனா எங்க குடும்பத்துக்கு இதுல பழைய சம்பந்தம் இருக்கு. எங்க தாத்தா துறைமுகத்துல மூட்டை தூக்கினவரு. எங்க அம்மா தெருவுல குப்பை வாருறவங்க. சாப்பாடு இந்த ஊருக்குள்ள வந்தப்போ தாத்தா முதுகுல வந்தது. வீணாகி வெளியே போறப்போ அம்மா கை வழியாப் போகுது. நடுவில் இருக்கிற தட்டு யாருடையது என்பதுதான் என் கேள்வி.

1956ல் இந்தியா அமெரிக்காவோடு பி.எல்.480 ஒப்பந்தம் போட்டது. 1965, 66 இரண்டு வருஷமும் மழை பொய்த்தது. 1966ல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் கப்பலில் வந்து இறங்கியது. வியட்நாம் போரை இந்தியா கண்டித்தது ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. கோதுமையை மாதாமாதம் அளந்து அளந்து விட்டார். கப்பல் வந்தால்தான் நாட்டில் அடுப்பு எரியும் என்ற நிலை. "ஊருக்கே பஞ்சம், என் முதுகுல மட்டும் கோதுமை" என்று தாத்தா சொல்லுவாரு. மூட்டை கிழிந்து சிந்தினதைப் பாட்டி கூட்டியெடுத்து, மண்ணும் கல்லும் போக முறத்தில் புடைத்துக் கஞ்சி காய்ச்சுவாங்களாம். மூட்டைக்குள் இருந்தது தேசத்தின் சோறு. தரையில் சிந்தியது எங்கள் சோறு.

சி.சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்த காலத்தில், 1966ல், மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. பசுமைப் புரட்சி என்றார்கள். பிறகு அந்தக் கப்பல்களுக்குக் காத்திருக்கும் அவமானம் தீர்ந்தது. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். இன்றைக்கு உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்வது இந்தியாதான். 2024-25ல் சுமார் 2 கோடி டன்.

ஆனால் கப்பல் நிற்கவில்லை தோழர்களே, சரக்குதான் மாறியது. நம்ம இட்லிக்குப் போடுற உளுந்துல ஒரு பங்கு பர்மாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வருது. பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருது. நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி, வருஷத்துக்குச் சுமார் 1.6 கோடி டன். 2024-25ல் பருப்பு இறக்குமதி 70 லட்சம் டன்னைத் தாண்டியது. காரணம் என்ன? பாசனம், விலை உத்தரவாதம், அரசுக் கொள்முதல் எல்லாம் நெல்லுக்கும் கோதுமைக்கும் போயின. பருப்பையும் எண்ணெய் வித்தையும் மானாவாரி நிலத்துக்குத் தள்ளினார்கள். 1961ல் இந்தியாவில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த பருப்பு 69 கிராம். 2001ல் 30 கிராம். இடையில் கிடங்கு நிரம்பியது, குழம்பு தண்ணீரானது. கறியும் மீனும் முட்டையும் தினம் வாங்க முடியாத வீட்டுக்குப் பருப்புதானே சத்து? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை. வயிறு நிறைந்தது, உடம்பு நிறையவில்லை.

எண்ணெயில் நாம் ஒருமுறை கரையேறப் பார்த்தோம். 1986ல் எண்ணெய் வித்துக்கென்று தனி இயக்கம் தொடங்கி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிட்டத்தட்டத் தன்னிறைவு வந்தது. 1994ல் பாமாயில் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். நிலக்கடலை போட்ட சிறு விவசாயி விழுந்தான். அதே 1994 அக்டோபர் 10ல், காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தின் தொடர்ச்சியாகச் செங்கல்பட்டில் திரண்ட தலித் மக்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். இரண்டும் தனித்தனிச் செய்தியாக வந்தன. நான் சேர்த்துப் படிக்கிறேன். பருப்பும் கடலையும் விளையக்கூடிய நிலத்தைக் கேட்டவனுக்குக் குண்டு. எண்ணெய்க் கப்பலுக்குத் திறந்த கதவு. 1892ல் நமக்கென்று ஒதுக்கிய 12 லட்சம் ஏக்கரை மீட்காமல் இவர்கள் பேசும் தன்னிறைவு யாருக்கு?

அரிசித் தன்னிறைவுக்கும் நாம விலை கொடுக்கிறோம். வயலுக்குப் போகிற உரத்துக்கான அமோனியா கப்பலில் எண்ணூருக்கு வந்து, கடலடிக் குழாய் வழியாக ஆலைக்குப் போனது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அந்தக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மூச்சுத் திணறத் திணற ஓடினார்கள். உரத்தின் கணக்கில் அந்த ராத்திரி எந்தப் பத்தியில் வரும்?

இனி குப்பைக்கு வருகிறேன். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2022ல் உலகில் வீணான உணவு 105 கோடி டன், அதில் 60 சதம் வீடுகளில். இந்திய வீடுகளில் தலைக்கு வருஷத்துக்கு 55 கிலோ. இந்தச் சராசரியைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வருது. எந்தப் பந்தியிலயும் நம்மைச் சேர்த்து உக்கார வைக்காதவங்க, வீணாக்கின பழியில மட்டும் ஒரே பந்தியில உக்கார வைக்கிறாங்க! அம்மாவைக் கேட்டா பையோட கனத்தை வச்சே எந்த வீட்டுச் சோறுன்னு சொல்லுவாங்க. "ஒண்டிக் குடித்தனத்துல மீந்தா தண்ணி ஊத்தி வச்சிக் காலையில பழையது துன்னுவாங்க. ஃப்ரிட்ஜ் இருக்கற வூட்லதான்டா நாலு நாளு வச்சிருந்து அப்பறமா கொட்டுறாங்க." அந்த நாலாம் நாள் சோத்துக்குள்ள உடைந்த கண்ணாடி இருக்கும். அம்மாவின் வலது உள்ளங்கையில் அதற்கான தழும்பு இருக்கிறது. அந்தச் சோறு கடைசியில் போய்ச் சேரும் குப்பைமேடும் கொடுங்கையூரில்தான், நம்ம பக்கத்தில்தான்.

உடனே நல்ல மனசுக்காரர்கள் ஒரு வழி சொல்கிறார்கள்: மீந்ததை ஏழைக்குக் கொடுங்கள். பசித்தவன் வாங்கிச் சாப்பிட்டால் நான் குறை சொல்ல மாட்டேன், பசி எனக்கும் தெரியும். ஆனால் அதைத் தீர்வு என்று சொல்லாதீர்கள். மீந்த சோற்றைச் சேரிக்குக் கொடுப்பது இந்த நாட்டில் புது யோசனையா? அதுதானே சாதியின் பழைய கூலி! 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அம்பேத்கர், பிறர் எறியும் மிச்சத்தை உண்பதை விட்டொழியுங்கள் என்று சொன்னது இதனால்தான். எச்சில் வயிற்றை நிரப்பும், ஆளைக் குனிய வைக்கும்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782ல் பஞ்சத்தில் தவித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வந்த பேர். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் இதே சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் குவிந்து கிடந்தன, வாங்கக் காசில்லாத ஜனம் லட்சக்கணக்கில் செத்தது. 2001லும் கிடங்குகள் நிரம்பி வழிந்தபோது பட்டினிச் சாவு நடந்தது. உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் உணவு உரிமை என்ற பேச்சே வந்தது. இருப்பு வேறு, பங்கு வேறு. தமிழ்நாட்டு ரேஷன் கடையை நான் மதிப்பது இதற்காகத்தான். அங்கே கார்டைக் காட்டி உரிமையோடு வாங்குகிறோம், யார் வீட்டுப் பின்வாசலிலும் நிற்கவில்லை.

2025 ஆகஸ்ட் 1 முதல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தார்கள். குப்பை வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்றார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் அரசு அறிவித்த திட்டங்களில் ஒன்று, அவர்களுக்கு இலவசக் காலை உணவு. விடியுமுன் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாப்பாடு வேண்டும்தான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது வேலை. நிரந்தர வேலையும் முழுச் சம்பளமும் இருந்தால் தன் காலைச் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ள அவர்களுக்குத் தெரியாதா?

ஆகவே நாம் கேட்க வேண்டியது மூன்று. ரேஷனில் அரிசியோடு பருப்பும் கேழ்வரகும் போதுமான அளவு வேண்டும். 2023ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள், அது நம்ம தெருவுக்கும் வரட்டும். பஞ்சமி நிலத்தை மீட்டு, பருப்பும் கடலையும் போடுகிற கைக்குக் கொள்முதல் உத்தரவாதம் வேண்டும். ஊர்க் குப்பையை அள்ளுகிறவருக்கு நிரந்தர வேலை வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. ஒரு மாசம், உங்க தெருவுல பத்து வீட்டுல கணக்கு எழுதுங்க. ரேஷன்ல என்ன கிடைச்சது, கடையில என்ன விலைக்கு வாங்கினாங்க, யார் கடைசியாச் சாப்பிட்டாங்க, என்ன மீந்தது, அதை யார் அள்ளினாங்க. அந்தக் கடைசி இரண்டு கேள்வியையும் விட்டுடாதீங்க. தேசத்தின் கணக்கு கிடங்கில் முடிந்துவிடுகிறது. நம்ம கணக்கு தட்டுல ஆரம்பிச்சு, அள்ளுற கை வரைக்கும் போகட்டும். அடுத்த கூட்டத்துல அந்த நோட்டுகளை வச்சுப் பேசுவோம்.