அத்தா பெயரிலேயே கிடக்கும் பத்திரம்

(நமது டிரஸ்டின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





சென்ற ரமலானுக்கு முன், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஜகாத் உதவி கேட்டு ஒரு சகோதரி நமது அலுவலகத்துக்கு வந்தார். கணவர் மவுத்தாகிச் சில வருடங்கள் ஆகின்றன. மனுவில் 'சொத்து' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய அத்தா விட்டுச் சென்ற 40 சென்ட் இடம் ஊரிலேயே இருப்பது தெரிந்தது. "அது அண்ணன்மாருடையது" என்றார். எப்படி என்று கேட்டோம். "பட்டா பெரியண்ணன் பேர்லதானே இருக்கு" என்றார்.

பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது ஒருவர் பெயரில் இருப்பதால் மற்ற வாரிசுகளின் பங்கு போய்விடாது. அத்தா மவுத்தானபோது இருந்தவர்கள் அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள். கடனும் மஹரும் பாக்கி இல்லை. அம்மாவுக்கு எட்டில் ஒன்று, 5 சென்ட். மீதி 35 சென்ட்டில் மகன்களுக்கு 14, 14. மகளுக்கு 7. ஆக, உதவி கேட்டு வந்தவர் 7 சென்ட் நிலத்துக்குச் சொந்தக்காரர். அது அவருக்கே தெரியாது.

அண்ணன்மார் அபகரித்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. வரி கட்ட வசதியாக ஒரு பெயரில் பட்டா மாற்றினார்கள். பிறகு யாரும் எதையும் எழுதவில்லை. நம்மில் பல வீடுகளின் கதை இதுதான்.

அடுத்து, பத்திரத்தைத் தேடினோம். வீட்டில் இல்லை. இணையத்தில் பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம். பொதுவாக அதில் 1975 முதலான பதிவுகளே கிடைக்கும். இந்த இடமோ அதற்கு முன்பு வாங்கியது. சர்வே எண்ணும் மாறியிருந்தது. 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆரில், பல ஊர்களில் பழைய எண்கள் உட்பிரிவாகிப் புது எண்களாயின. தாலுகா அலுவலகத்தில் பழைய எண்ணுக்குப் புது எண் எது என்று தெரிந்துகொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதலுக்கு மனு கொடுத்தோம். அங்கே ஒவ்வொரு வருடத்துக்கும் பெயர் வாரியாகவும் சொத்து வாரியாகவும் அட்டவணை உண்டு. அத்தாவின் பெயரைக் கொண்டு தேடியதில் ஆவண எண் கிடைத்தது. எண் கிடைத்துவிட்டால், கட்டணம் செலுத்திச் சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம். நிலப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம் என்று 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டமே சொல்கிறது. ஆகவே "பத்திரம் தொலைந்துவிட்டது, சொத்தும் போய்விட்டது" என்று யாரும் கைவிட வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். பதியாத பாகப்பிரிவினை, வாய்மொழியாகக் கொடுத்த ஹிபா எதுவும் அதில் தெரியாது. கொடுப்பவர் சொல்லி, பெறுபவர் ஏற்று, சொத்து கைமாறியிருந்தால் வாய்மொழி ஹிபாவும் செல்லும். ஷரீஅத்தும் நாட்டுச் சட்டமும் அதை ஏற்கின்றன. ஆனால் சாட்சிகள் மவுத்தான பிறகு அதை நிரூபிப்பது யார்? எழுதிப் பதிந்துவிடுங்கள்.

பாகப்பிரிவினைப் பத்திரத்தை எழுதிக் கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். இறப்புச் சான்றும் தாசில்தாரின் வாரிசுச் சான்றும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். வாரிசுச் சான்று வாரிசுகள் யார் என்று மட்டும் சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் கணக்குக் கேளுங்கள். குடும்பத்தாருக்குள் பிரித்துக்கொண்டால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலை முதல் அதன் உச்சவரம்பு ஒரு பங்குக்கு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய். செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுபவர்கள் இதைக் கவனிக்கவும்.

சவூதியிலோ துபாயிலோ இருப்பவர், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும்.

தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் தனியாக ஒரு வார்த்தை. "ஆபீசுல கேக்குறாங்க, ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று கொண்டுவரும் தாள் விடுதலைப் பத்திரமாக இருக்கலாம். அதில் கையெழுத்திட்டுப் பதிந்தால் உங்கள் பங்கை விட்டுக்கொடுத்ததாக ஆகும். மனமுவந்து விட்டுக்கொடுப்பது உங்கள் உரிமை. என்னவென்று தெரியாமல் கையெழுத்துப் போட்டு இழப்பது வேறு. படித்துக் காட்டச் சொல்லுங்கள். நகல் வாங்கி வையுங்கள்.

அந்தச் சகோதரியின் விஷயம் இன்னும் முடியவில்லை. அத்தா மவுத்தான வருடமே எழுதியிருந்தால் நான்கு கையெழுத்தில் முடிந்திருக்கும். பிறகு அம்மா போய்விட்டார், அவருடைய 5 சென்ட்டும் பிள்ளைகளுக்குப் பிரிந்தது. பெரியண்ணனும் போய்விட்டார், அவருடைய வாரிசுகள் சேர்ந்தார்கள். இன்று எட்டுக் கையெழுத்து வேண்டும். ஆறு பேர் சம்மதித்துவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களின் அதிகாரப் பத்திரத்துக்குக் காத்திருக்கிறோம். கல்லூரிக் கட்டணம் காத்திருக்காது என்பதால் அதை டிரஸ்ட் கொடுத்துவிட்டது.

குர்ஆனின் மிக நீளமான வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வது பற்றியது. கடனுக்கே அப்படியென்றால், வாரிசுகளின் பங்கு விஷயத்தில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

இன்று வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து பாருங்கள். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, ஆவண எண் என்ன, எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண் என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். புரியாவிட்டால் ஞாயிறு அஸருக்குப் பிறகு நமது அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். மனு எழுத உதவுவோம். அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.

அல்லாஹ் நம் குடும்பங்களில் நீதியையும் ஒற்றுமையையும் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.