குற்றப்பத்திரிகையில் இடம்பெறாத குற்றங்கள்

(திருவனந்தபுரம் வலியசாலையில், தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



அமெரிக்க ஜனாதிபதிகளின் முறைகேடுகளைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் வாட்டர்கேட்டில் வந்து நிற்கும். 1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனில், ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு அலுவலகத்துக்குள் புகுந்த ஐவர் பிடிபட்டனர். அதை மூடி மறைக்க வெள்ளை மாளிகை மேற்கொண்ட முயற்சிகள் ரிச்சர்ட் நிக்சனைக் கவிழ்த்தன. ஒலிநாடாக்களை ஒப்படைக்குமாறு 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக உத்தரவிட்டனர். ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகினார். சட்டத்துக்கு மேலானவர் எவருமில்லை என்பதற்குச் சான்றாக முதலாளித்துவப் பத்திரிகைகள் இந்நிகழ்வை இன்றளவும் கொண்டாடி வருகின்றன.

அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு வாக்கெடுப்பு மட்டும் விடுபட்டுவிடுகிறது. நீதியைத் தடுத்தது, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது, சபையின் ஆணைகளுக்குக் கீழ்ப்படியாதது என்னும் மூன்று குற்றச்சாட்டுகளைப் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு அந்த ஜூலை மாதத்தின் கடைசி நாட்களில் ஏற்றுக்கொண்டது. கம்போடியா பற்றிய குற்றச்சாட்டும் அதன்முன் வைக்கப்பட்டது. நடுநிலை வகித்த அந்நாட்டின் மீது 1969 மார்ச் முதல் பதினான்கு மாதங்கள் பி-52 விமானங்கள் இரகசியமாகக் குண்டு பொழிந்தன. விழுந்த குண்டுகள் ஒரு லட்சம் டன்னுக்கும் அதிகம். குண்டுகள் தெற்கு வியட்நாமில் விழுந்தனவாகக் காட்டும் பொய்ப் பதிவேடுகளை இராணுவமே தயாரித்தது. நாடாளுமன்றத்துக்குப் பொய்த் தகவல் தரப்பட்டது. இக்குற்றச்சாட்டை ஜூலை 30 அன்று குழு 26க்கு 12 என்ற வாக்குகளில் நிராகரித்தது. காரணத்தை எங்கும் தேட வேண்டியதில்லை. நாடாளுமன்றத் தலைவர்கள் சிலருக்குக் குண்டுவீச்சு முன்பே தெரியும். போருக்கான நிதியை ஆண்டுதோறும் வாக்களித்து வழங்கியவை இரு கட்சிகளுமே. எதிர்க்கட்சியின் அலுவலகத்தில் புகுந்தது ஆளும் வர்க்கத்தின் ஒரு பிரிவுக்கு எதிரான குற்றம். கம்போடிய உழவரின் தலையில் குண்டு போட்டதோ அவ்வர்க்கம் முழுவதும் சேர்ந்து செய்த காரியம். முந்தையது குற்றப்பத்திரிகையில் ஏறிற்று, பிந்தையது ஏறவில்லை.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பின்வந்தவர்களையும் பார்க்கலாம். பில் கிளின்டன் மீது 1998 டிசம்பரில் பதவிநீக்கக் குற்றச்சாட்டு நிறைவேறியது, தம் அந்தரங்க உறவு குறித்துச் சத்தியம் செய்து பொய் சொன்னார் என்பதற்காக. அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று சூடானில் அல்-ஷிஃபா மருந்துத் தொழிற்சாலையை அவர் ஏவுகணைகளால் தகர்த்தார். ஏழை நாடொன்றின் மருந்துத் தேவையில் பெரும்பகுதியை நிறைவு செய்த ஆலை அது. குற்றச்சாட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. டொனால்டு டிரம்ப் மீது முதற் பதவிநீக்கக் குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தபோதே, 2020 ஜனவரி 3 அன்று, ஈரானியத் தளபதி சுலைமானி பாக்தாத் விமான நிலையத்தருகே கொல்லப்பட்டார். அவ்விசாரணையில் அதற்கும் இடமிருக்கவில்லை.

அன்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடே இல்லையா என்றால், உண்டு. 1974 ஆகஸ்டில் நிக்சனின் சொந்தக் கட்சித் தலைவர்களே வெள்ளை மாளிகைக்குச் சென்று, செனட்டில் அவருக்கு ஆதரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தனர். டிரம்ப்பை இரு முறையும் அவருடைய கட்சி காப்பாற்றியது. நியூயார்க் நீதிமன்றம் 2024 மே 30 அன்று 34 குற்றச்சாட்டுகளில் அவரைக் குற்றவாளி என்று கண்டது. 2025 ஜனவரி 10 அன்று தண்டனை ஏதுமின்றி விடுவித்தது. வணிகக் கணக்குகளைத் திருத்திய வழக்கு என்பதையும் கவனிக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே, 2024 ஜூலை 1 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது: ஜனாதிபதியின் அடிப்படை அரசமைப்பு அதிகாரங்களின்பாற்பட்ட செயல்களுக்குக் குற்றவியல் வழக்கிலிருந்து முழுப் பாதுகாப்பு, பிற அலுவல்முறைச் செயல்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்றே கருத வேண்டும். ஜனாதிபதி செய்தால் அது சட்டவிரோதமாகாது என்று 1977இல் தொலைக்காட்சிப் பேட்டியில் நிக்சன் சொன்னபோது உலகம் நகைத்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் அக்கூற்று பெருமளவுக்குச் சட்டமாகிவிட்டது. நிக்சனுக்கு ஃபோர்டு 1974 செப்டம்பர் 8 அன்று வழங்கிய முழு மன்னிப்பே இதன் வித்து.

ஜனாதிபதி என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர் நினைவுக்கு வாஷிங்டனுக்கு முன்னதாகக் கொழும்பு வருவது இயல்பு. 1978 அரசமைப்பு அங்கே நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி பதவியையும், பதவியில் இருக்கும்வரை வழக்கு அணுகாதபடி 35ஆம் உறுப்பு எனும் கவசத்தையும் ஒருசேரத் தந்தது. 2022 ஜூலையில் மக்கள் திரண்டு மாளிகைக்குள் புகுந்த பின்னர் கோத்தபய ராஜபக்ச நாட்டைவிட்டு ஓடி, சிங்கப்பூரிலிருந்து பதவி விலகினார். எந்தப் பதவிநீக்க நடைமுறையும் சாதிக்காததைக் காலிமுகத்திடல் சாதித்தது. பொருளாதாரத்தைச் சீரழித்ததன் மூலம் ராஜபக்ச சகோதரர்களும் உயர் அதிகாரிகளும் மக்களின் நம்பிக்கைக்குத் துரோகம் இழைத்தனர் என 2023 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஈஸ்டர் குண்டுவெடிப்புகளைத் தடுக்கத் தவறியதற்காக மைத்ரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று அதே ஆண்டு ஜனவரியில் தீர்ப்பானது. 2025 ஆகஸ்ட் 22 அன்று ரணில் விக்கிரமசிங்கவே கைதானார். மனைவிக்குரிய பல்கலைக்கழக நிகழ்ச்சிக்காக லண்டன் சென்ற செலவை அரசுப் பணத்தில் கழித்தார் என்பது வழக்கு.

இவற்றைச் சிறியவை என்று தள்ள முடியாது. வரிசையில் நின்று மண்ணெண்ணெய்க்குக் காத்திருந்தவருக்குப் பொருளாதாரக் குற்றமும் உயிர்க் குற்றமே. என்றாலும், 2009இல் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் இதே கோத்தபய. வன்னியில் இறுதி மாதங்களில் கொல்லப்பட்ட குடிமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. தலைமைச் செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011இல் குறிப்பிட்டது. பாதுகாப்பு வலயங்கள் மீதும் மருத்துவமனைகள் மீதும் அரசுப் படைகள் ஷெல் வீசியதாகவும், புலிகள் மக்களைக் கேடயமாக வைத்துக்கொண்டதாகவும் நம்பகமான குற்றச்சாட்டுகள் உண்டென்று அக்குழு எழுதியது. அதற்காக எந்த முன்னாள் ஜனாதிபதியும் எந்த நீதிமன்றத்திலும் தண்டிக்கப்படவில்லை. மிருசுவிலில் எட்டுத் தமிழரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்றிருந்த இராணுவ வீரரைக் கோத்தபய 2020 மார்ச்சில் மன்னித்து விடுவித்தார். ஃபோர்டின் பேனாவும் கோத்தபயவின் பேனாவும் ஒரே மையில் எழுதுகின்றன.

இந்தியக் குடியரசுத் தலைவரின் நிலை வேறு. அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். ஆதலால் இங்கே முறைகேடு பெரும்பாலும் கையொப்ப வடிவில் நிகழ்கிறது. 1975 ஜூன் 25 இரவு ஃபக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டபோது அமைச்சரவை கூடியிருக்கவில்லை. மறுநாள் காலையில்தான் அதற்குத் தகவல் தரப்பட்டது. குளியல் தொட்டியில் அமர்ந்தபடியே அவசரச் சட்டத்தில் கையொப்பமிட்டு நீட்டும் குடியரசுத் தலைவரை அவ்வாண்டு டிசம்பரில் வரைந்தவர் கேரளத்தவரான அபு ஆபிரகாம். பக்கம் பக்கமான ஆய்வுகள் சொல்வதை அச்சித்திரம் ஒரே சட்டகத்தில் சொல்லிவிட்டது. அதே ஆகஸ்டில் 41ஆவது அரசமைப்புத் திருத்த மசோதா ஒன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர்கள் ஆகியோர் மீது வாழ்நாள் முழுவதும் குற்றவியல் வழக்குத் தொடர முடியாதபடி செய்வது அதன் நோக்கம். அது மக்களவையைத் தாண்டவில்லை. புது தில்லியில் மசோதாவாகவே நின்றுபோனதன் சாயலை 2024இல் வாஷிங்டனில் தீர்ப்பாகக் காண்கிறோம்.

வலியசாலையிலிருந்து நடந்தே போகக்கூடிய தலைமைச் செயலகத்தில், 1957 ஏப்ரல் 5 அன்று ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவை பொறுப்பேற்றது. நில உறவுகள் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறிய சில வாரங்களில், 1959 ஜூலை 31 அன்று, பெரும்பான்மை குறையாத அந்த அமைச்சரவையை இராஜேந்திர பிரசாத்தின் கையொப்பம் வீட்டுக்கு அனுப்பியது. இத்தகைய பிரகடனம் நீதிமன்றத்தின் ஆய்வுக்கு உட்பட்டது என்று பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்துவதற்கு 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த டேனியல் மொய்னிஹன் 1978இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்தார். மாநிலத் தேர்தல்களில் கம்யூனிஸ்டுகள் வெல்லக்கூடும் என்ற நிலையில் அமெரிக்கா இரு முறை காங்கிரஸ் கட்சிக்குப் பணம் கொடுத்தது. ஒரு முறை கேரளத்தில், மற்றொரு முறை மேற்கு வங்கத்தில். நிக்சன் மீதும் கிளின்டன் மீதும் டிரம்ப் மீதும் குற்றச்சாட்டுகளை வரைந்த அந்த நாடாளுமன்றத்தில், இந்தப் பணத்துக்காக எந்த ஜனாதிபதி மீதும் ஒரு குற்றச்சாட்டும் முன்மொழியப்படவில்லை.