அன்றைய வேலையைத் தீர்மானிப்பது யார்?

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, வாழ்த்தைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். பட்டமளிப்பு விழா மேடையில் ஏறுகிறவர் ஒரு கருத்தையாவது வாதாடிவிட்டு இறங்க வேண்டும் என்பது என் கட்சி. என் வாதம் ஊர்விட்டு ஊர் போய்ச் செய்யும் கிராமத் தொண்டு பற்றியது. அதைப் பேசத் திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 24.6 லட்சம், ஐந்தில் நான்கு பேர் கிராமங்களில் இருப்பவர்கள். 1934-ல் ரமண மகரிஷியைப் பற்றிப் பேசும் பால் பிரண்டனின் நூல் வெளிவந்த பிறகு இங்குள்ள ரமணாசிரமத்தைத் தேடி வரும் வெளிநாட்டாருக்குக் குறைவில்லை. தியானத்துக்கு வந்தவர்களில் சிலர் பள்ளி, மருத்துவம், மரம் நடுதல் என்று இங்கேயே தொண்டில் இறங்கினார்கள். ஆகவே தொண்டு என்பதை, அதைப் பெறுகிற பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். நாளை உங்களில் சிலர் நேபாளத்துக்கோ கென்யாவுக்கோ தொண்டராகப் போகலாம். வேறு சிலர் இங்கே ஒரு தொண்டு நிறுவனத்தில் அமர்ந்து, பெட்டியோடு வந்து இறங்கும் வெளிநாட்டு இளைஞருக்கு வேலை ஒதுக்கலாம். இரு சாராருக்கும் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வெளியிலிருந்து வரும் தொண்டரால் கிராமத்துக்கு நன்மை உண்டா என்பது அவருடைய நல்ல மனதைப் பொறுத்ததல்ல. காலையில் அவர் செய்ய வேண்டிய வேலையைத் தீர்மானிப்பது யார் என்பதைப் பொறுத்தது.

சான்றுக்குத் தொலைவில் போக வேண்டாம். நம் மலையே போதும். 1980-களின் இறுதியில் அண்ணாமலை மொட்டையாகக் கிடந்தது. ஆசிரமத்துப் பக்கம் வாழ்ந்த ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி, மழைக்காடுகளுக்காகப் போராடிவந்த தம் நாட்டுக்காரர் ஜான் சீடுக்குக் கடிதம் எழுதினார். அங்கே நிதி திரண்டது. இங்கே அண்ணாமலைக் காடுவளர்ப்புச் சங்கம் உருவானது. அருணாசலேசுவரர் கோயிலின் உள்மதிலுக்கும் வெளிமதிலுக்கும் இடைப்பட்ட நிலம் நாற்றங்கால் ஆனது. கடல் கடந்து வந்தது பணமும் ஆர்வமும்தான். இடம் கோயிலுடையது, மண்ணைத் தோண்டிய கைகள் இந்த ஊருடையவை. பிற்பாடு வேறு குழுக்களும் அந்த வேலையைத் தொடர்ந்திருக்கின்றன. அந்த வேலையின் அன்றாடத்தைக் கொஞ்சம் பாருங்கள். பருவமழைக்கு முன்பே குழி வெட்டி வைத்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கன்றுகளைக் கூடையில் சுமந்து சரிவில் ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் பையைக் கிழித்து, அடியில் சுருண்ட வேரை நறுக்கி, மண்கட்டி உடையாமல் குழியில் இறக்க வேண்டும். கிழித்த பைகளை எண்ணிக் கீழே கொண்டுவர வேண்டும். பொங்கல் கழிந்ததும் மலைமேல் வாசனைப்புல் காய்ந்துவிடும். ஒரு தீக்குச்சி போதும், ஐந்தாண்டு உழைப்பு சாம்பல். ஆகவே தை, மாசி முழுக்கப் புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடு போடுவதுதான் வேலை. அதையும் மீறித் தீப்பிடித்தால் இரவானாலும் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு மேலே ஓட வேண்டும். இந்த அட்டவணையை எந்த வெளிநாட்டு அலுவலகமும் எழுதவில்லை. மழையும் காற்றும் எழுதியதை, மலையை அறிந்த உள்ளூர்க்காரர் படித்துச் சொல்கிறார். லண்டனிலிருந்து வந்த பட்டதாரிக்கு அங்கே கிடைப்பது ஓர் அரிவாளும் வரிசையில் ஓர் இடமும்தான். அதனால்தான் அவர் பயன்படுகிறார்.

இதற்கு நேர்மாறான ஏற்பாட்டையும் இந்தியா கண்டிருக்கிறது. 1961-ல் அதிபர் கென்னடி தொடங்கிய அமெரிக்க அமைதிப் படை என்ற தொண்டர் அமைப்பு அதே ஆண்டில் இந்தியாவுக்கு வந்தது. 1976 வரை இருந்தது. கோழி வளர்ப்பு, வேளாண்மை, ஊட்டச்சத்து என்று ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கிராமங்களில் தங்கிப் பாடுபட்டார்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்ட செயல். ஆனால் அவர்களில் கணிசமானோர் கலைப்பட்டதாரிகள். சில மாதப் பயிற்சியோடு, தலைமுறை தலைமுறையாக நிலத்தைக் கட்டிக்காத்த விவசாயிக்கு ஆலோசனை சொல்ல அனுப்பப்பட்டவர்கள். திட்டத்தை வகுத்தவர்கள் இரண்டு தலைநகரங்களில் இருந்தார்கள். கிராமத்தாருக்கு மிஞ்சியது விருந்தோம்பல். ஊர்ப் பேச்சைக் கற்று, ஊர் வேலைக்குள் தங்களை நுழைத்துக்கொண்டவர்கள் அந்த ஏற்பாட்டையும் மீறிப் பயன்பட்டார்கள். மற்றவர்களுக்கு அது நல்ல கல்விச் சுற்றுலாவாக முடிந்தது.

அப்படியானால் போகவே வேண்டாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களில் தலையாயவர் சிந்தனையாளர் இவான் இல்லிச். 1968-ல் மெக்சிகோவில், தொண்டு செய்ய வந்த அமெரிக்க மாணவர்களின் முகத்துக்கு நேரே, ஊரைப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்கிறோம் என்று மட்டும் வராதீர்கள் என்று பேசினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அழைக்காத வீட்டில் நுழைந்து அடுக்களையைத் திருத்தும் விருந்தாளியை யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் அவர் வாதம் தாக்குவது அழையாமல் வருகிறவரை. வேலையை எழுதிவைத்துவிட்டு ஆளைத் தேடும் ஊருக்கு அது பொருந்தாது. அண்ணாமலையில் காடு வளர்த்ததை இல்லிச்சின் தராசில் வைத்தாலும் எடை குறையாது.

இன்னொரு மறுப்பு கணக்குப் பார்க்கிறவர்களுடையது. ஒருவரின் விமானக் கட்டணத்தில் உள்ளூரில் நாலு பேருக்குப் பல மாதக் கூலி கொடுக்கலாமே என்கிறார்கள். பெரும்பாலும் சரி. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஐரோப்பாவிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. குழந்தைகள் இல்லங்களில் இரண்டு வாரம் கொஞ்சிவிட்டுப் போகும் தொண்டோ வீண் என்ற நிலையையும் தாண்டிக் கெடுதலாகிறது. பழகிய முகம் மாறிக்கொண்டே இருந்தால் குழந்தை தாங்காது. அந்தப் பழக்கத்தின் பின்னால் நடக்கும் குழந்தைக் கடத்தலையும் சுரண்டலையும் தடுக்கும்படி ஐ.நா. பொதுச்சபையே 2019-ல் தீர்மானம் போட்டது. ஆனால் வருகிறவர், உள்ளூரில் கிடைக்காத ஒரு திறமையைக் கொண்டுவந்து, போவதற்குள் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. கட்டணம் கூலியைத் தின்னவில்லை. கூலிக்குரிய வேலையைப் பெருக்கியிருக்கிறது.

நம் ஊரிலேயே குறை ஆயிரம் இருக்க வெளிநாடு எதற்கு என்பார்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்கள். அவர்கள் கேட்பது நியாயம். முதலில் நம் மாவட்டத்து ஜவ்வாது மலைக்குப் போங்கள்; அங்கே ஓராண்டு தாக்குப்பிடித்தவரை உலகத்தில் எங்கும் அனுப்பலாம். ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இன்று ஐ.நா. தன்னார்வலர்களில் பெரும்பான்மையோர் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள். வறண்ட நிலத்து ஏரிப் பாசனமும் மகளிர் குழுக் கணக்குப் புத்தகமும் தெரிந்த ஒரு திருவண்ணாமலைப் பெண், தான்சானியக் கிராமத்துக்குப் பாடப்புத்தகத்தைவிட நெருக்கமான துணை. கை ஏந்தி நின்ற ஊரின் பிள்ளைக்கு, கொடுப்பவர் எங்கே தவறுவார் என்பது சொல்லாமலே தெரியும்.

ஆகவே எங்கு போவதானாலும் கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வேலையைக் கேட்டது யார்? அங்கே எனக்கு மேலே இருந்து வேலை வாங்கப்போகிறவர் அந்த ஊர்க்காரரா? நான் திரும்பிய மறுநாள் இதை யார் செய்வார்? விடை கிடைக்காத இடத்துக்குப் போகாதீர்கள். வரவேற்கும் நாற்காலியில் உட்காரப்போகிறவர்களே, நீங்கள் இன்னும் கறாராக இருங்கள். வெள்ளைக்காரர் வருகிறார் என்பதற்காக வேலையைக் கண்டுபிடிக்காதீர்கள். வேலை இருந்தால் ஆளைக் கேளுங்கள், ஆறு மாதத்துக்குக் குறைந்தால் வேண்டாம் என்று சொல்லத் துணியுங்கள். தொண்டு நிறுவனம் நன்கொடையாளரிடம் காட்டும் பணிவில் பாதியையாவது தான் சேவை செய்யும் கிராமத்திடம் காட்டினால், இந்த மாவட்டம் உலகத்துக்கே வழிகாட்டலாம். அதைச் செய்யும் படிப்பும் வயதும் உங்களுக்கு இருக்கின்றன. பட்டம் பெற்ற அனைவருக்கும், படிக்கவைத்த பெற்றோருக்கும் என் வாழ்த்துகள்.