வடபுலத்து ஆட்டமும் வெம்பிளித் திடலும்



ஒரு நிலத்து மக்களின் உணவையும் தொழிலையும் பறையையும் யாழையும் அந்நிலத்தின் கருப்பொருள்களாக வகுத்தது நம் இலக்கண மரபு. மக்கள் ஆடும் ஆட்டத்தையும் அவ்வரிசையில் வைத்து எண்ணலாம். இங்கிலாந்தின் வடபகுதியில், நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் நெசவாலைகளுக்கும் நடுவே வளர்ந்த ரக்பி லீக் அத்தகைய கருப்பொருளே. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், 1928–29ஆம் ஆட்டப்பருவத்தில், அது தன் கோப்பை இறுதிப்போட்டியை முதன்முறையாக இலண்டனுக்குக் கொண்டு சென்றது. வட்டாரக் கலையொன்று தலைநகரை நாடும்போது எதைப் பெறுகிறது, எதைப் பெறாது போகிறது என்னும் வினாவுக்கு அப்பருவம் தக்க சான்று.

இவ்வாட்டம் பிறந்ததே கூலி வழக்கில்தான். ரக்பியை ஆண்ட தென்பகுதித் தலைவர்கள், ஆட்டத்திற்காகப் பொருள் பெறுதல் இழுக்கு என்றனர். செல்வர்க்கு அஃது எளிய அறம். சனிக்கிழமையும் உழைத்த சுரங்கத் தொழிலாளிக்கோ, ஆட வந்தால் அன்றைய கூலி போயிற்று. இழந்த கூலிக்கு ஈடு வேண்டும் என்ற கோரிக்கையைத் தலைமைச் சங்கம் 1893இல் மறுத்தது. 1895 ஆகஸ்டு 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் விடுதியில் கூடிய வடபுலக் கழகங்கள் பிரிந்து தனிச் சங்கம் கண்டன. நாளொன்றுக்கு 6 ஷில்லிங் வரை ஈடு வழங்கலாம் என விதி வகுத்தன.

பிரிந்த பின் ஆட்டத்தின் வடிவமும் மாறியது. 1906இல் அணிக்குப் பதினைவர் என்பது பதின்மூவர் ஆயிற்று. பிடிபட்டு வீழ்ந்தவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடரலாம் என்ற விதியும் வந்தது. மனிதக் குவியலுக்குள் பந்து மறைந்து கிடப்பதைக் காண, வார இறுதியில் காசு கொடுத்து வந்தவன் விரும்பவில்லை. பந்து ஓட வேண்டும் என்றான். கேட்போரின் செவிக்கேற்ப யாப்பு நெகிழ்வதைக் கவிஞர்கள் அறிவர். இங்கே காண்போரின் கண் விதிகளைத் திருத்தியது.

1926இல் சுரங்கத் தொழிலாளர் மாதக்கணக்கில் கதவடைப்புக்கு ஆளாயினர். பருத்தித் தொழிலும் நலிந்திருந்தது. இத்தகைய நாளில், 1928இல் வேல்ஸின் லாண்டட்னோவில் கூடிய ஆண்டு மாநாட்டில், இறுதிப்போட்டியை இலண்டனில் நடத்தும் தீர்மானம் வந்தது. ஆதரவு 13 வாக்குகள்; எதிர்ப்பு 10. வேலை குன்றிய ஊர்களிலிருந்து இரயில் கட்டணம் கொடுத்து மக்கள் செல்வரா என்ற ஐயம் பொருளற்றதன்று. எனினும் தீர்மானம் நிறைவேறியது. பேரரசுக் கண்காட்சிக்கென எழுப்பப்பெற்று 1923இல் திறக்கப்பெற்ற வெம்பிளித் திடல் தெரிவாயிற்று.

அத்திடலுக்கு வந்த அணிகள் இரண்டு. ஒன்று, கரியும் பருத்தியும் விளைந்த விகன். அதன் தலைவர் ஜிம் சல்லிவன் வேல்ஸின் கார்டிஃப் நகரத்தவர். 1921இல் பதினேழு வயதில் வடக்கே வந்தவர். காசு பெற்று ஆடச் சென்றவனுக்குப் பழைய சங்கத்தின் கதவு வாழ்நாள் முழுதும் அடைக்கப்படும். அத்தகைய விலக்கை ஏற்று வந்த அவர், தம் ஆட்டவாழ்வில் 2,867 முறை பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்துச் செலுத்தினார்.

மற்றொன்று, பெரும்பாலும் தன் வட்டாரத்து இளைஞரையே கொண்ட டியூஸ்பரி. 1895ஆம் ஆண்டுக் கூட்டத்திற்கு வந்தும் அன்று பிரிந்துவர இயலாமல் நின்ற கழகம் அவ்வூரினது. பழங்கந்தலைக் கிழித்து நாராக்கி, மீண்டும் நூற்று நெய்வது அவ்வட்டாரத்தின் தொழில். அத்துணிக்கு 'ஷாடி' என்று பெயர். பின்னாளில் ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குத் தரங்கெட்டது என்ற பொருளே நிலைத்தது. எறிந்த கந்தலுக்கு மறுவாழ்வு தந்தவர்களின் உழைப்புச் சொல் இழிசொல்லான வரலாறு, சொல்லைக் கையாள்வோர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

1929 மே 4 அன்று ஆட்டம் நடந்தது. சல்லிவன் உதைத்துப் புள்ளிக்கணக்கைத் தொடங்கினார். எதிரணியின் கோட்டிற்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுதல் 'ட்ரை' எனப்படும். அந்நாளில் அதற்கு மூன்று புள்ளிகள். வெம்பிளியின் முதல் ட்ரை சிட் ஏப்ரமுடையது. டியூஸ்பரிக்குக் கிடைத்தது, பந்தைத் தரையில் தட்டி உதைத்துப் பெற்ற இரண்டு புள்ளிகள் மட்டுமே. பின்பாதியில் நியூசிலாந்தின் லூ பிரவுனும் ஸ்காட்லாந்தின் ராய் கின்னியரும் மேலும் இரண்டு ட்ரை சேர்க்க, விகன் 13–2 என வென்றது.

கூடியோர் 41,500 பேர். முந்தைய ஆண்டு விகனில் நடந்த இறுதிக்கு வந்தோரினும் இது மிகுதி. ஆயினும் திடல் நிறையவில்லை. அப்பருவத்தின் லீக் வாகையர் பட்டமோ வடக்கிலேயே, ஹாலிஃபாக்ஸ் திடலில் முடிவாயிற்று. லீட்ஸை 2–0 என ஒரே உதையால் வென்றது, இவ்வாட்டம் பிறந்த ஹட்டர்ஸ்ஃபீல்டு.

தலைநகர் இவ்வாட்டத்தைத் தனதாக்கிக்கொண்டதா? இல்லை. 1930களில் இலண்டனில் தொடங்கப்பெற்ற கழகங்கள் ஓரிரு பருவங்களில் மறைந்தன. ஆனால் எதிர்பாராத வேறொன்று நிகழ்ந்தது. இலண்டன் மக்கள் வடக்கரின் ஆட்டத்திற்கு வரவில்லையாயினும், வடக்கர் ஆண்டுதோறும் இலண்டனுக்கு வந்தனர். தம் அணி ஆடாத ஆண்டிலும் ஊர்கூடிப் புறப்பட்டனர். இறுதிப்போட்டி அவர்களுடைய திருவிழா ஆயிற்று. அவர்கள் தலைநகரில் பெற்றது ஏற்பன்று. தம்மைத் தாமே ஒருங்கே காணும் வாய்ப்பு.

வேர் எங்கிருந்தது என்பதைப் பிற்காலம் காட்டிற்று. 1954இல் வெம்பிளியில் இறுதிப்போட்டி சமனாக முடிந்தது. மறு ஆட்டம் வடக்கே பிராட்ஃபோர்டின் ஆட்சல் திடலில் நடைபெற்றது. அங்கே பதிவான கூட்டம் 102,569. 1995இல், பிரிவினைக்குச் சரியாக நூறாண்டு கழித்து, பழைய ரக்பிச் சங்கமும் ஊதியத்தை ஏற்றது. வடபுலத்தார் கேட்டது நேர்மையானதே என்பதை ஒப்ப ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. அதுவரை அவர்கள் காத்துக் கிடக்கவில்லை, ஆடிக்கொண்டிருந்தனர்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டமும் பெருநகரத்து மேடைகளுக்குச் செல்லட்டும், செல்லுதல் தவறன்று. ஆனால் கவிதை எழுதப்பெறுவதும், முதலில் வாசிக்கப்பெறுவதும், முகத்துக்கு நேரே திருத்தப்பெறுவதும் இம்மாதக் கூட்டங்களில்தான். அவை தவறாது நடக்கட்டும்.