காட்சிக்குச் செல்லும் கோழி



கோழி என்றவுடன் உங்களுள் பலருக்கு முட்டை நினைவிற்கு வரும். சிலருக்கு விடியற்காலையில் துயிலெழுப்பும் சேவலின் கூவல் நினைவிற்கு வரும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட கோழி வேறு வகையது. தன் இனத்தின் இலக்கணம் முழுவதும் தன் உடலில் அமைந்திருக்கிறது என்று பலர் முன்னிலையில் நின்று காட்டும் கோழி அது. அதனைக் காட்சிக்கு ஆயத்தம் செய்வது எங்ஙனம் என்பதே நம் பேச்சின் பொருள்.

கோழிக் காட்சி என்பது இங்கிலாந்தில் வேரூன்றி வளர்ந்த ஒரு கலை. சேவற்போரை அந்நாட்டார் 1835ஆம் ஆண்டுச் சட்டத்தினால் விலக்கினர். அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1845இல், இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் கோழிகளின் அழகுப் போட்டி நடைபெற்றது. குருதி சிந்திய போட்டியின் இடத்தில் குருதி சிந்தாத போட்டியொன்று வந்தமர்ந்தது எனலாம். சீன நாட்டிலிருந்து வந்த கொச்சின் என்னும் பெருங்கோழிகள் மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தன. 1849இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலும் இத்தகைய காட்சி நடந்தது. இனந்தோறும் கொண்டை, நிறம், உடற்கட்டு ஆகியவை எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று வரையறுக்கும் நூலை 1865இல் டெகட்மையர் என்பார் வெளியிட்டார். இவர் டார்வினுக்குக் கோழி, புறா ஆகியவற்றைப் பற்றிய செய்திகளைத் திரட்டித் தந்த அறிஞர். நம் நாட்டு அசில் சேவலுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அசிலின் கலப்பினால் உருவான இனத்திற்கு அவர்கள் இட்ட பெயரே 'இந்தியன் கேம்' என்பது.

இனி, செய்முறைக்கு வருவோம். முதல் வேலை தெரிவு. இனத்தின் இலக்கணத்தை முதலில் கற்று, அதன் பின்னரே பறவையைப் பார்த்தல் வேண்டும். அலகு கோணியது, விரல் வளைந்தது, முதுகு கூனியது ஆகியவற்றை எத்துணைக் குளிப்பாட்டினும் பயனில்லை. இறகுகளையும் ஒவ்வொன்றாக நோக்குக. முறிந்த இறகு தானே விழுந்து புதியது முளைக்கும்வரை அப்படியே நிற்கும். புது இறகு நிரம்ப வளர ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை ஆகலாம். ஆகவே, காட்சிக்கு முந்திய வாரத்தில் விழித்துக்கொள்பவனுக்கு அங்கே இடமில்லை. வெள்ளைக் கோழியாயின், கடும் வெயிலில் நெடுநேரம் விடலாகாது. வெயில் வெண்ணிறத்தில் மஞ்சள் பாய்ச்சிவிடும்.

இரண்டாவது வேலை பழக்குதல். முற்றத்தில் உலவிய கோழியைத் திடீரெனச் சிறு கூண்டில் அடைத்து, மக்கள் கூட்டத்தின் நடுவே வைத்தால், அது அஞ்சி மூலையில் ஒடுங்கும். அன்றேல் சிறகடித்து இறகை முறித்துக்கொள்ளும். ஆதலின், சில வாரங்களுக்கு முன்பிருந்தே நாள்தோறும் சிறிது நேரம் கூண்டில் வைத்துப் பழக்குக. அருகே மெல்லச் சென்று, கையாலேயே தீனி கொடுங்கள். நடுவர் சிறு கோலொன்றால் பறவையை மெதுவாகத் தொட்டு நிமிர்ந்து நிற்கச் செய்வதுண்டு. அதனையும் முன்கூட்டியே பழக்கலாம். கூண்டில் விடும்போதும் எடுக்கும்போதும் தலை முன்னே வருமாறு பிடித்தால் சிறகு கம்பியில் சிக்காது.

மூன்றாவது வேலை தூய்மை. பேனும் செள்ளும் உள்ளனவா என்று சிறகின் அடியிலும், வாலடியிலும், கழுத்தின் கீழும் பிரித்துப் பாருங்கள். இருப்பின், கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி மருந்திட்டு அவற்றை முற்றும் ஒழித்த பின்னரே நீராட்டுதலைப் பற்றி எண்ண வேண்டும்.

நீராட்டுக்கு மூன்று தொட்டிகள் தேவை. முதல் தொட்டியில், கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும். இரண்டாவதில், வெதுவெதுப்பான நீருடன் சிறிதளவு காடி. இது இறகில் தங்கிய சோப்பை நீக்க உதவும். மூன்றாவதில், தூய நீர். பறவையின் தலை எப்பொழுதும் நீருக்கு மேலேயே இருத்தல் வேண்டும். தலையிலிருந்து வாலை நோக்கி, இறகு படிந்துள்ள திசையிலேயே நீவிக் கழுவுக. எதிர்த்திசையில் தேய்த்தால் இறகின் நரம்பு முறியும். காற்செதில்களின் இடுக்கிலுள்ள அழுக்கை மெல்லிய பல்துலக்கியால் நீக்கலாம். பின்பு துணியால் ஒற்றியெடுத்து, காற்று வீசாத வெப்பமான இடத்தில் உலரவிடுங்கள். கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியசு. நனைந்த இறகுடன் குளிரில் நின்றால் அது விரைவில் நலிந்துவிடும்.

இந்நீராட்டைக் காட்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்னரே முடித்தல் வேண்டும். ஏன் தெரியுமா? கோழியின் வாலடியில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு. அவ்வெண்ணெயை அது தன் அலகால் எடுத்து இறகெங்கும் பூசிக்கொள்கிறது. சோப்பு அந்த எண்ணெயையும் நீக்கிவிடுவதால், இறகுகளை அது மீண்டும் கோதி ஒழுங்குசெய்ய நாட்கள் வேண்டும். இறுதி மெருகை இடுவது நாமல்ல, கோழியே. காட்சி நாளன்று கொண்டையிலும் தாடியிலும் கால்களிலும் சிறிது வாசலின் தடவித் துடைத்தால் போதும்.

இங்கே ஓர் எல்லைக்கோடு உண்டு. அழுக்கை நீக்கலாம், குறையை மறைக்கலாகாது. சாயம் பூசுதலும், வேற்று நிற இறகைப் பிடுங்குதலும், கொண்டையை வெட்டித் திருத்துதலும் ஏமாற்று வேலைகளெனக் கருதப்படும். கண்டுபிடிக்கப்பட்ட பறவை போட்டியினின்று நீக்கப்படும்.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வெள்ளை லெகார்ன் சேவலொன்றைக் கால்நடைக் காட்சிக்காக வளர்த்தான். உயர்ந்த உடற்கட்டு, நிமிர்ந்த கொண்டை. ஆனால் முதுகில் மூன்று இறகுகளில் கரும்புள்ளிகள் இருந்தன. "பிடுங்கிவிட்டால் யாருக்குத் தெரியும்?" என்று வீட்டிலுள்ளோர் கூறினராம். அவன் என்னிடம் வந்து, "ஐயா, மூன்றே மூன்று இறகுதானே?" என்றான். தவறு என்று மட்டும் சொல்லி அவனை அனுப்ப எனக்கு மனமில்லை. கோழியின் வெண்மை மரபுவழி இறங்குவது என்பதை விளக்கினேன். வெண்மையாக்கும் மரபுக்கூறு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வாராமல் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் இத்தகைய புள்ளிகள் எட்டிப்பார்ப்பதுண்டு. "தம்பி, பரிசு பெற்ற சேவலென்று நம்பி ஊரார் உன்னிடம் குஞ்சு வாங்குவார்கள். நீ பிடுங்கிய இறகு அக்குஞ்சுகளின் மேல் முளைக்குமே!" என்றேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். இறகுகளைப் பிடுங்கவில்லை. பரிசும் கிடைக்கவில்லை. நடுவராக வந்த கால்நடை மருத்துவர் அப்புள்ளிகளைச் சுட்டிக் காட்டி, இச்சேவலை இனப்பெருக்கத்திற்கு வைத்துக்கொள்ள வேண்டாமென்று அவனிடம் பொறுமையாக எடுத்துரைத்தார். அவ்வறிவுரை பரிசினும் பெரிது என்பது என் கருத்து. இறகைப் பிடுங்கியிருந்தால் அதனை அவன் பெற்றிருக்க முடியாது.

காட்சி முடிந்ததும் கடமை முடிந்ததாகாது. பல ஊர்ப் பறவைகள் கூடுமிடத்தில் நோயும் கூடும். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கண்டறியப்பட்ட கொடிய நோயே நம் நாட்டில் இராணிக்கேத்து எனவும் வெள்ளைக் கழிச்சல் எனவும் வழங்குகிறது. ஆதலின், உரிய காலத்தில் தடுப்பூசி போடுதல் இன்றியமையாதது. திரும்பி வந்த பறவையை இரண்டு வாரமாவது மற்றவற்றினின்று பிரித்து வைத்துக் கவனித்தல் வேண்டும். பறவைக் காய்ச்சல் பரவும் காலங்களில் பிரித்தானிய அரசு கோழிக் காட்சிகளையே தடை செய்ததுண்டு.

இத்துணைப் பாடும் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இன்று உலகின் முட்டையையும் இறைச்சியையும் பெரும்பாலும் சில கலப்பினக் கோழிகளே தருகின்றன. பழைய இனங்கள் பயனற்றவை என்று கைவிடப்பட்டால், அவற்றின் மரபுக்கூறுகளும் உடன் அழியும். அழிந்ததை எவராலும் மீட்டளிக்க இயலாது. ஓரினத்தின் இலக்கணத்தை நினைவில் வைத்து, அதனைத் தூய்மையாகக் காத்துவரும் எளிய வளர்ப்போரைக் கோழிக் காட்சிகள் ஒன்று கூட்டுகின்றன. அங்கே ஒருவர் செய்யும் பொய், ஓர் இனத்தின் வரலாற்றிலேயே பிழையாகப் பதிந்துவிடும்.

உங்கள் வீட்டில் நாட்டுக்கோழி இருப்பின், நாளைக் காலையில் அதன் சிறகை மெல்ல விரித்துப் பாருங்கள். ஒவ்வோர் இறகும் அடுத்த இறகின்மேல் எவ்வளவு செம்மையாகப் படிந்திருக்கிறது என்பதைக் காண்பீர்கள். அதனைக் கெடாமல் காப்பதுதான் காட்சிக்கு ஆயத்தம் செய்வோன் கற்க வேண்டிய முதற்பாடம்.